பஸ்ஸில் ஏறாத பெண்

எங்கள் கிளப் கூட்டம் புதன்கிழமை சாயங்காலம், டவுனில் ஒரு ஹோட்டலின் மாடியில் நடக்கும். தலைவர் சின்ன மரச் சுத்தியலால் பித்தளை மணியை ஒரு தட்டு தட்டினால் எல்லாரும் பேச்சை நிறுத்த வேண்டும் என்பது விதி. நிறுத்த மாட்டார்கள். டாக்டர்களுக்கும் வக்கீல்களுக்கும் மணி அடித்த பிறகுதான் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்ல வேண்டியது ஞாபகம் வரும். நான் மட்டும் முதல் தட்டிலேயே வாயை மூடிவிடுவேன். பள்ளிக்கூட மணிக்குப் பயந்த பழக்கம். பாரம் டூவோடு, அதாவது எட்டாம் வகுப்போடு, படிப்பு நின்றுபோனவன் நான். என் பயம் மட்டும் மேலே மேலே படித்துக்கொண்டே போயிருக்கிறது.

ஏர்கோன் சர்வீஸ் செய்பவனுக்கு சேவை கிளப்பில் என்ன வேலை என்று கேட்பார்கள். அந்த ஹோட்டல் மண்டபத்து ஏர்கோன்களை நான்தான் கழுவுவேன். ஒரு புதன்கிழமை ஏணியில் நின்றபடி, கீழே கடலாமைகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தவரை வாய் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தேன். வேலை நின்றுபோனதே எனக்குத் தெரியவில்லை. தலைவர் ஒரு சீனப் பெண்மணி, வக்கீல். அவர் மேலே பார்த்து, "அங்கே நின்று கேட்பதற்கு இங்கே வந்து உட்கார்ந்து கேட்கலாமே" என்றார். அப்படி வந்து உட்கார்ந்தவன்தான். வாரம் ஒருவர் வந்து பேசுவார். தேனீ வளர்ப்பவர், சிறுநீரக டாக்டர், பாலத்துக் கம்பிகளில் ஏறிச் சோதிக்கும் இஞ்சினியர். பரீட்சை இல்லாத பள்ளிக்கூடம் அது. என் இங்கிலீஷ் பேசுவதற்குத்தான் நொண்டும், கேட்பதற்கு நன்றாகவே ஓடும். அதனால் கதவோரமாக உட்கார்ந்து கேட்பேன், பேச மாட்டேன்.

கிளப்பில் வருஷத்துக்கு ஒரு வெளிநாட்டு மாணவரை வரவழைப்பார்கள். இங்கே பள்ளிக்கூடம் போய்க்கொண்டு, மெம்பர்கள் வீட்டில் மாறி மாறித் தங்கி, ஒரு வருஷம் கழித்து ஊர் திரும்புவார். தங்குவதெல்லாம் பெரிய வீடுகள். அந்த வருஷம் முதலில் வைத்துக்கொள்வதாகச் சொன்னவர் வீட்டில் அவருடைய அம்மா வழுக்கி விழுந்து படுத்துவிட்டார். "வேறு யாராவது?" என்று தலைவர் கேட்டார். யாரும் வாய் திறக்கவில்லை. சிலர் சூப்பைப் பார்த்தார்கள்.

எனக்கு அமைதி ஆகாது. நாலு பேர் கூடிய இடத்தில் பேச்சு நின்றால் ஏதோ விபரீதம் நடந்துவிட்டது என்றுதான் என் புத்தி போகும். அந்த அமைதியை முடித்து வைப்பதற்காகவே கையைத் தூக்கினேன். எல்லாரும் கைதட்டினார்கள். தட்டி முடிந்த பிறகுதான் வீட்டில் சொல்ல வேண்டுமே என்பது ஞாபகம் வந்தது.

என் மனைவிக்கு அக்கரையில், பிறை என்ற ஊரில், தொழிற்சாலை வேலை. கம்பெனி பஸ்ஸில் கடல் பாலம் தாண்டிப் போய் வருகிறவள். வந்து செருப்பைக் கழற்றும்போது சொன்னேன்.

"நம்ம வீட்டுலயா? லிஃப்ட் நாலு நாளா பழுது. அந்தப் புள்ளையத் தூக்கிட்டு ஏறப் போறீங்களா?"

"மக ரூம் சும்மாதானே கெடக்கு."

"ரூம் கெடக்கு. நீங்க தூங்குவீங்களா? நம்ம சொந்தப் புள்ள பஸ்ல போனாலே நீங்க மோட்டார்ல பின்னால போவீங்க."

அது உண்மைதான். மகள் கல்யாணமாகி ஜொகூருக்குப் போனபோது பாதி வழி வரை போனேன். ஆனாலும் மனைவியின் கண்ணில் ஆசை தெரிந்தது. மறுநாளே அந்த அறைக்குப் புது மெத்தை உறை வாங்கி வந்துவிட்டாள்.

பின்லாந்துப் பெண். பதினேழு வயது. எங்கள் ஆயர் ஈத்தாம் அடுக்குமாடி ஃபிளாட்டுகளுக்காகச் செய்த உயரமில்லை. எங்கள் சமையலறையில் மேலே மாட்டிய அலமாரி இடிக்காமல் குனிந்துதான் வருவாள். அவள் பேர் எங்கள் வாயில் நிற்கவில்லை. பக்கத்து வீட்டு அக்கா முதல் நாளே "பாப்பா" என்று கூப்பிட்டார். அதுவே நிலைத்துவிட்டது. என்னை அங்கிள் என்பாள், மனைவியை அம்மா என்பாள். கேட்டதற்குப் பதில் சொல்வாள். கேட்காவிட்டால் சும்மா இருப்பாள். முகம் கடுகடு என்று இருக்காது, சிரிப்பாகவும் இருக்காது. சும்மா. அந்தச் சும்மாவைத்தான் எங்களால் தாங்க முடியவில்லை.

வந்த இரண்டாம் நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்து அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். எங்கள் வீட்டில் கதவு சாத்துவது இரண்டு காரணத்துக்குத்தான். ஒன்று, உடுப்பு மாற்ற. இல்லையென்றால் சண்டை.

"உடுப்பு மாத்த இவ்வளவு நேரமா?" என்றாள் மனைவி, மெதுவாக.

"சண்டையா இருக்குமோ? நாம என்ன சொன்னோம்?"

"நான் ஒண்ணும் சொல்லல. நீங்கதான் காலையில மீனு வேணுமா கோழி வேணுமான்னு மூணு தடவ கேட்டீங்க."

மறுநாளும் சாத்தினாள். விருந்துக்கு வந்த பிள்ளையை உள்ளே தனியாக விட்டுவிட்டு நாங்கள் வெளியே உட்கார்ந்திருப்பதா? உள்ளே அழுதுகொண்டிருந்தால்? மயக்கம் போட்டிருந்தால்? அவள் பள்ளிக்கூடத்தில் இருந்தபோது, கதவு சாத்த முடியாதபடி ஒரு செங்கல்லைக் கொண்டுவந்து முட்டுக் கொடுத்தேன். காற்று அடித்தால் கதவு டமார் என்று சாத்தும் உயரம்தான் எங்கள் மாடி, அதனால் பார்க்கிறவர்களுக்கு வித்தியாசமாகவும் தெரியாது. தரைப் பளிங்கு கீறிவிடும் என்று மனைவி அந்தச் செங்கல்லுக்குத் துணி சுற்றினாள். கையில் அகப்பட்டது கோயிலுக்குக் கொண்டுபோய் வந்த ஒரு மஞ்சள் துணி. நன்றாக இழுத்து, மூலையெல்லாம் மடித்து, ஊசியால் தைத்தே விட்டாள்.

அதன் பிறகு பாப்பா கதவைச் சாத்தவில்லை. பழகிவிட்டாள் என்று எங்களுக்குச் சந்தோஷம். உடுப்பு மாற்றக்கூட குளியலறைக்குத்தான் போவாள். எவ்வளவு அடக்கம் என்று மனைவி அக்காவிடம் சொல்லிச் சொல்லிப் பூரித்தாள்.

சும்மா இருக்க விடாமல் பார்த்துக்கொண்டோம். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் பக்கத்து வீட்டு அக்கா பலகாரத் தட்டோடு வந்து உட்கார்ந்துவிடுவார். டிவியில் தொடர் ஓடும். மருமகள் ஏதோ ஒரு ரகசியத்தை மறைத்து வைத்திருக்கிறாள், மாமியார் மோப்பம் பிடித்துக்கொண்டே இருக்கிறாள். அதை அக்கா மலாயில் விளக்குவார். பாப்பாவுக்கு மலாய் அப்போதுதான் பள்ளிக்கூடத்தில் ஆரம்பித்திருந்தது. பிறகு மனைவி வருவாள். பிறகு நான். யாருக்காவது வெளியே வேலை இருந்தால் இன்னொருவர் வந்த பிறகுதான் கிளம்புவோம். ஒரு நிமிஷம்கூட அவளைத் தனியாக விட்டதில்லை என்று நான் பெருமையாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆயுத பூஜை வந்தது. என் வேன், ஏணி, தண்ணீர் பம்ப், துளை போடும் மெஷின் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தேன். மனைவி வீட்டுக்குள் பிரிட்ஜ், டிவி, துணி துவைக்கும் மெஷின், மிக்ஸி என்று வைத்துக்கொண்டே போனாள். பாப்பா பின்னாலேயே வந்து பார்த்துக்கொண்டிருந்தாள். போகிற வழியில் அந்தச் செங்கல்லுக்கும் ஒரு பொட்டு விழுந்தது.

அதற்குப் பிறகு அவளிடம் சின்னச் சின்ன மாற்றங்களைப் பார்த்தேன். பிரிட்ஜைத் திறக்கும் முன்னே "அம்மா, ஓகே?" என்று கேட்பாள். வளர்ப்பு அப்படி என்று நினைத்தேன். ஒருநாள் காலையில் பரீட்சைக்குக் கிளம்பும்போது, அறை வாசலில் நின்று லேசாகக் கைகூப்பினாள். நேரே எதிர்ச் சுவரில் எங்கள் சாமி படங்கள். நம்ம பழக்கத்தைப் பிடித்துக்கொண்டாளே என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அந்த நாட்களில்தான் சாயங்காலம் கீழே போக ஆரம்பித்தாள்.

விளக்கு வைக்கும் நேரம். "கொஞ்சம் கீழே போய்விட்டு வருகிறேன், அங்கிள்."

"எதுக்கு?"

"ஒன்றுமில்லை."

அந்த ஒன்றுமில்லை என்னைத் தின்றது. நம்மவர்களில் ஒருவர் ஒன்றுமில்லை என்று சொன்னால் அதற்குள் ஒரு குடும்பச் சண்டையே இருக்கும். இரண்டு நாள் பொறுத்தேன். மூன்றாம் நாள் பின்னாலேயே இறங்கினேன்.

காய்கறிப் பசாருக்குப் பக்கத்துப் பஸ் நிறுத்தத்துக்குப் போனாள். நான் எதிர்த்த கோப்பிக் கடையில், தூணுக்குப் பின்னால் இருந்த மேசையில் உட்கார்ந்து, பால் விடாத கோப்பி ஓ ஒன்று சொன்னேன். வேலை விட்டு வருகிற கூட்டம். பள்ளிப் பையோடு பிள்ளைகள், காய்கறிப் பையோடு கிழவிகள், மோட்டார்களின் புகை, ஹாரன். அதன் நடுவே இவள் தலை மட்டும் மேலே தெரிந்தது. ஒரு பஸ் வந்தது. கதவு திறந்தது. கூட்டம் ஏறியது. ஓட்டுநர் இவளைப் பார்த்தார். இவள் இல்லை என்று தலையாட்டினாள். கதவு மூடிக்கொண்டது. அடுத்த பஸ் வந்தது. அதே தலையாட்டல். கைப்பேசியை எடுக்கவில்லை. யாரையும் தேடுகிற பார்வை இல்லை. யாரும் வரவில்லை. இருட்டியதும் திரும்பி நடந்தாள். நான் குறுக்குச் சந்தில் ஓடி, அவளுக்கு முன்னால் வீடு சேர்ந்து, மூச்சு வாங்கிக்கொண்டே பேப்பர் படித்தேன்.

"நீங்க ஏன் வேர்த்துப் போயிருக்கீங்க?" என்றாள் மனைவி.

"லிஃப்ட் பழுது."

"லிஃப்ட்டு நல்லாயிருச்சே."

அன்றிலிருந்து எனக்கு அதே யோசனை. பஸ் நம்பர் எண்ணுகிறாளா? எங்கேயாவது போய்விடத் திட்டமா, வழி பார்க்கிறாளா? அவள் ஊரில் பஸ்ஸே கிடையாதோ, அதனால் வேடிக்கையோ? ஏர்கோன் கழுவும்போதும் அதே நினைப்பு. ஒரு வீட்டில் திருகாணியைப் போடாமல் மூடிவிட்டு வந்து திரும்பப் போனேன். பயம் பாதி என்றால் மீதி, சத்தியமாகத் தெரிந்துகொள்ள வேண்டும் என்கிற அரிப்பு. ஒரு மனுஷி ஏறாத பஸ்ஸுக்காக ஏன் நிற்பாள்?

மாணவரை வைத்திருப்பவர்களைத் தலைவர் மாதம் ஒருமுறை கூப்பிட்டு விசாரிப்பார். சாப்பிடுகிறாளா, தூங்குகிறாளா, எங்கே போய் வருகிறாள். எங்கே என்று கேட்டபோது பஸ் நிறுத்தத்தைச் சொன்னேன். சொல்லச் சொல்ல நான் நினைத்ததைவிடப் பெரிதாகிக்கொண்டே போனது.

"தினமுமா? தனியாகவா? இருட்டும் நேரத்திலா?" தலைவர் குரல் வக்கீல் குரலாகிவிட்டது. "அவளுக்கு அங்கே சந்தோஷமில்லை போலிருக்கிறது. யாரையும் குறை சொல்லவில்லை. பல் டாக்டர் வீட்டில் அறை தயாராக இருக்கிறது. அடுத்த முறை அங்கேதான் போவதாக இருந்தது, இப்போதே மாற்றிவிடலாம். புதன்கிழமை கூட்டத்தில் அவள் தன் ஊரைப் பற்றிப் பேசப் போகிறாள் அல்லவா? பேசி முடித்ததும் அவளையே கேட்டுவிடுவோம்."

மனைவியிடம் சொன்னேன். அவள் தேங்காய் துருவுவதை நிறுத்தவில்லை.

"பல் டாக்டர் வீடு பணக்காரங்க இருக்குற தஞ்சோங் பூங்கா பக்கந்தானே? நீச்சல் குளமெல்லாம் இருக்கும்ல."

"இருக்கும்."

"போகட்டும்லா. நம்ம வீட்டுல என்னா இருக்கு." அப்புறம் வெகுநேரம் துருவினாள். நாலு பேருக்கு வேண்டியதற்கு மேல் துருவிவிட்டாள்.

புதன்கிழமை வேனில் கூட்டிக்கொண்டு போனேன். மனைவி வாங்கித் தந்த பச்சைப் பஞ்சாபி சூட் போட்டிருந்தாள். கால்சட்டை கணுக்காலுக்கு மேலேயே நின்றது. மேலே ஏணி ஆடுகிற சத்தம். வழி நெடுக நான் பேசினேன். பயப்படாதே, தண்ணீர் குடி, மைக்கை வாய்க்குப் பக்கத்தில் வைத்துக்கொள், யாராவது வேண்டாத கேள்வி கேட்டால் சிரித்துவிடு. அவள் "ஓகே, அங்கிள்" என்றாள்.

மனைவி வரவில்லை. "அங்க வந்து கேட்டா எனக்கு அழுகை வந்துரும். நீங்க கேட்டுட்டு வந்து சொல்லுங்க" என்று சொல்லிவிட்டாள்.

மணி அடித்தது. தேசியகீதம் பாடினோம். பாப்பா தன் ஊர் கிளப் கொடுத்தனுப்பிய சின்ன முக்கோணக் கொடியைத் தலைவரிடம் கொடுத்து, எங்கள் கொடியை வாங்கிக்கொண்டாள். படம் எடுத்தார்கள். பல் டாக்டர் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். யாழ்ப்பாணத்துக் குடும்பம், நல்ல மனிதர். தோளைத் தட்டி, "என்ன நீங்கள், பொண்ணைக் கட்டிக் குடுக்கிற மாதிரி முகத்தை வச்சிருக்கிறீங்கள்?" என்றார். அதைக் கேட்டதும் என் முகம் இன்னும் மோசமாகப் போயிற்று.

அவள் பேச ஆரம்பித்தாள். இங்கிலீஷில்தான் பேசினாள், நான் தமிழில் எழுதுகிறேன். சுவரில் படங்கள் வந்தன. வெள்ளையாக ஒரு ஏரி, அதன் மேல் ஒரு கார். தண்ணீர் உறைந்து கல்லாகிவிடுமாம், அதன் மேலேயே பாதை போடுவார்களாம். மண்டபம் முன்னால் சாய்ந்தது.

"ஐஸ் உடைந்தால்?" என்று ஒருவர் கேட்டார்.

"நனைவோம்" என்றாள்.

எல்லாரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. உண்மையைத்தான் சொல்லியிருக்கிறாள் என்று எனக்குப் பட்டது.

அப்பாவுக்கு ரோட்டில் பனி தள்ளும் வண்டி ஓட்டுகிற வேலை. குளிர்காலத்தில் அவளும் சில நாள் கூடப் போவாள். மணிக்கணக்காக இரண்டு பேரும் பேச மாட்டார்கள். முன்னால் விளக்கு, விழுகிற பனி, அவ்வளவுதான். வீட்டுக்கு வந்தால் அம்மா கேட்பார், எப்படி இருந்தது என்று. நல்லாப் பேசிக்கொண்டு வந்தோம் என்பார் அப்பா.

"எங்கள் நாட்டில் எல்லாரும் அப்படி என்று சொல்ல மாட்டேன். என் அத்தை நிறையப் பேசுவாள். ஆனால் எங்கள் வீட்டில், ஒருவர் பக்கத்தில் ஒருவர் சும்மா இருக்க முடிந்தால் அவர்களுக்குள் நம்பிக்கை இருக்கிறது என்று அர்த்தம். உங்களுக்கு அதைக் காட்டட்டுமா? ஒரே ஒரு நிமிஷம்."

பேசுவதை நிறுத்தினாள். மைக்கைக் கீழே வைத்தாள்.

அந்த மண்டபம் அப்படி அடங்கி நான் கேட்டதில்லை. நான் கழுவிய ஏர்கோன்களின் சத்தம் கேட்டது. மூன்றாவதில் லேசாக ஒரு கரகரப்பு. யாரோ தொண்டையைச் செருமினார். யாரோ கரண்டியைத் தொட்டுவிட்டு எடுத்தார். அவள் என்ன நினைக்கிறாள், இது எப்போது முடியும், பேச வேண்டியது மறந்துபோய்விட்டதோ, போய்த் தண்ணீர் கொடுக்கலாமா என்று நான் நாற்காலியிலிருந்து பாதி எழுந்தபோது என் சட்டைப் பையில் கைப்பேசி அலறியது.

மனைவி.

கிளப்பில் கைப்பேசி அடித்தால் அபராதம். அதற்கென்று இருக்கும் மெம்பர் தகரப் பெட்டியை ஆட்டிக்கொண்டே என்னிடம் வந்தார். மண்டபம் சிரிப்பில் உடைந்தது. பாப்பாவும் என்னைப் பார்த்து, "அம்மாவா?" என்று மைக் இல்லாமலே கேட்டாள். ஆமாம் என்று தலையாட்டினேன்.

"சாப்பிட்டேன் என்று சொல்லுங்கள்" என்றாள்.

பிறகு எங்கள் வீட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள்.

"நான் இருக்கும் வீட்டில் சும்மா இருப்பதே கிடையாது. எப்போதும் ஒருவர் பக்கத்தில் இருப்பார்கள். முதல் வாரம் எனக்குத் தலை சுற்றியது. கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்ச நேரம் இருக்கலாம் என்று நினைத்தேன். ஆனால் நாலாம் நாள் என் அறை வாசலுக்குச் சாமி வந்துவிட்டார்."

"சாமியா?" என்றார் தலைவர்.

"சின்னச் சாமி. மஞ்சள் துணி உடுத்தியிருப்பார். கதவுக்கு முன்னால்தான் இருப்பார். பெரிய பண்டிகை அன்றைக்கு அம்மா அவருக்கும் பொட்டு வைத்தார். அவரை நகர்த்துவது மரியாதை இல்லை. அதனால் நான் கதவைச் சாத்துவதில்லை."

பல் டாக்டர் என் பக்கம் சாய்ந்தார். "என்ன சாமி அது? முனீஸ்வரரோ?"

"செங்கல்" என்றேன்.

"என்ன?"

"செங்கல், டாக்டர்."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். தோள் குலுங்க ஆரம்பித்தது. சத்தம் வரவில்லை, கண்ணில் தண்ணீர்தான் வந்தது. தலைவர் அதைப் பார்த்துவிட்டு, "அங்கே என்ன? எங்களுக்கும் சொல்லுங்கள். அது எந்தச் சாமி?" என்று என்னையே நேராகக் கேட்டார்.

அத்தனை வருஷத்தில் அந்த மண்டபத்தில் நான் எழுந்து பேசியதில்லை. எழுந்தேன். இங்கிலீஷில் சொன்னேன். "மேடம், அது சாமி இல்லை. அது செங்கல். கதவு சாத்தாமல் இருக்க நான்தான் வைத்தேன். தனியாக இருந்தால் பாப்பா அழும் என்று பயந்து."

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். அவள் என்னைப் பார்த்தாள். அந்தச் சும்மா முகம் மெல்ல மெல்லக் கலைந்தது.

"தினமும் காலையில் அதற்குக் குட் மார்னிங் சொல்லிக்கொண்டிருந்தேன்" என்றாள்.

அப்புறம் அவள் சிரித்தாளே, அப்படி ஒரு சிரிப்பை எங்கள் வீட்டில் நான் கேட்டதில்லை. தலையைப் பின்னால் போட்டுச் சிரித்தாள். கைகூப்பியது சாமி படத்துக்கு இல்லை என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. மூன்றடி தூரத்தில் நின்று கண் கலங்கியவன் நான்.

"பிரிட்ஜுக்கும் பொட்டு வச்சிருப்பீங்களே, அதை எப்படித் திறந்தாள்?" என்று பல் டாக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"கேட்டுட்டுத்தான் திறந்தா, டாக்டர்."

சிரிப்பு அடங்கிய பிறகு அவள் மீதியைச் சொன்னாள். கதவு சாத்த முடியவில்லை. அதனால் சும்மா இருக்க வேறு இடம் தேடியிருக்கிறாள். கீழே பிள்ளைகள் விளையாடும் இடத்துக்குப் போனால் ஒவ்வொரு மாடியிலிருந்தும் ஒருவர் எட்டிப் பார்த்து, என்னம்மா, ஏன் தனியா நிக்கிறே என்று கேட்டார்களாம். கோயில் பக்கம் போனால் பிரசாதம் கொடுத்து உட்கார வைத்தார்களாம். கடைசியில் கண்டுபிடித்தது பஸ் நிறுத்தம். பஸ்ஸுக்கு நிற்கிறவளை யாரும் ஏன் நிற்கிறாய் என்று கேட்பதில்லை.

இவ்வளவுதானா என்று எனக்கு முதலில் தோன்றியது. அடுத்த நிமிஷமே வேறொன்று உறைத்தது. மொத்த மண்டபமும் கேட்டுவிட்டதே. எங்கள் வீட்டில் அவளுக்கு மூச்சுவிட இடமில்லை என்பதை அவளே சிரித்துக்கொண்டு சொல்லிவிட்டாள்.

தலைவர் முடிவு மணியைத் தட்டினார். கூட்டம் கலைந்து இனிப்பு மேசைப் பக்கம் நகர்ந்தது. ஒரு மூலையில் நாங்கள் நாலு பேர் நின்றோம். தலைவர், பல் டாக்டர், பாப்பா, நான். கையில் சாகோ கிண்ணம், ஜவ்வரிசி இனிப்பு. நான் வாயில் வைக்கவில்லை.

பல் டாக்டர் அவளிடம் அன்பாகவே பேசினார். வீட்டில் அவரும் மனைவியும் மட்டும்தான். மேல்மாடி முழுக்க அவளுக்கு. கதவைச் சாத்திக்கொள்ளலாம், பூட்டிக்கொள்ளலாம், யாரும் தட்ட மாட்டார்கள். ஜன்னலைத் திறந்தால் கடல். "நீ கேட்கிற அமைதி எங்கள் வீட்டில் வேண்டிய மட்டும் இருக்கிறது" என்றார்.

"வருகிற ஞாயிற்றுக்கிழமையே மாறலாம்" என்றார் தலைவர். "யாரும் வருத்தப்பட மாட்டார்கள். உன் விருப்பம்தான்." சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். நானும் தலையாட்டினேன். என்ன செய்வது, நியாயம்தானே. மனைவியிடம் எப்படிச் சொல்வது, அந்த மெத்தை உறையை என்ன செய்வது என்று புத்தி அதற்குள் வீட்டுக்கு ஓடிவிட்டது.

பாப்பா யோசித்தாள். பேசாமல் யோசித்தாள். நானும் பேசாமல் நின்றேன். என் ஆயுசில் நான் செய்த கஷ்டமான வேலை அது.

"அங்கே பக்கத்தில் பஸ் நிறுத்தம் இருக்கிறதா?" என்று கேட்டாள்.

"பஸ்ஸா?" பல் டாக்டர் சிரித்தார். "அந்த மேட்டுக்குப் பஸ் வராது. உனக்கு எதற்கு? எங்கே போக வேண்டுமானாலும் காரில் கொண்டுபோய் விடுவோம்."

"அப்படியென்றால் வேண்டாம். நன்றி."

பல் டாக்டர் முகத்தில் ஒன்றும் புரியவில்லை. அவள் அவருக்காகக் கொஞ்சம் விளக்கினாள். ஆள் இல்லாத அமைதி அவள் ஊரிலேயே இருக்கிறது. அங்கே அவள் வீட்டுப் பக்கத்து நிறுத்தத்தில் நிற்கிற ஒரே ஆள் அவள்தான். இத்தனை பேர் நடுவில் இடிபட்டுக்கொண்டு, ஒருவரும் ஒன்றும் கேட்காமல் நிற்பது இங்கேதான் கிடைத்தது. முறை வரும்போது கட்டாயம் வருவாள். இப்போது வேண்டாம்.

"அதோடு மாமியாருக்கு இன்னும் விஷயம் தெரியாது" என்றாள் என்னைப் பார்த்து. "அடுத்த வாரம் கண்டுபிடித்துவிடுவாள் என்று அக்கா சொன்னார்."

"எந்த மாமியார்?" என்றார் தலைவர், பதறிப்போய்.

"டிவியில், மேடம்" என்றேன்.

திரும்பும்போது வேனில் நான் எதுவும் கேட்கவில்லை. கேட்க நிறைய இருந்தது. ஆயர் ஈத்தாம் திருப்பத்தில், தாங்க முடியாமல், "அந்தக் கல்லை எடுத்துர்றேன்" என்றேன்.

"தள்ளி வையுங்கள் போதும்" என்றாள். "எடுத்தால் எனக்கு ஒரு மாதிரி இருக்கும்."

வீட்டில் மனைவி வாசலிலேயே நின்றிருந்தாள். நான் விஷயத்தைச் சொல்லி முடித்ததும் செங்கல்லைப் போய்ப் பார்த்தாள், பாப்பாவைப் பார்த்தாள், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டாள். அழுகிறாளோ என்று பின்னால் போனேன். சிரித்துக்கொண்டிருந்தாள். மறுநாள் காலை ஒவ்வொரு வீடாகப் போய், "பாப்பா சும்மா இருந்தா யாரும் போய்ப் பேசாதீங்க, அதுக்கு அதான் புடிக்குமாம்" என்று சத்தம் போட்டுச் சொல்லிவிட்டு வந்தாள். அன்றைக்கு முழுக்க மாடியில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக வந்து, பேச மாட்டோம் என்று பாப்பாவிடம் சொல்லிவிட்டுப் போனார்கள்.

அறைக் கதவு இப்போது சாத்தியிருக்கிறது. செங்கல் சுவரோரம், மஞ்சள் துணியோடு. மனைவி கூட்டும்போது அதைக் காலால் தள்ளுவதில்லை, குனிந்து கையால் எடுத்து வைக்கிறாள்.

ஆனாலும் சாயங்காலம் கீழே போவதைப் பாப்பா விடவில்லை. எனக்கு அது இன்னும் முழுசாக விளங்கவில்லை. அப்படி நிற்கும்போது மனசுக்குள்ளே என்னதான் நடக்கும்? ஒருநாள் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தவளிடம் கேட்டேன். "நானும் வரலாமா?"

யோசித்தாள். "பேசக்கூடாது, அங்கிள்."

போனோம். வழக்கமாக நிற்கும் இடத்தில் அவள், அவளுக்குப் பக்கத்தில் நான். எதிரே என் கோப்பிக் கடை மேசை தெரிந்தது. அங்கிருந்து பார்த்தபோது இவள் தலை மட்டும்தான் தெரிந்தது. இங்கிருந்து பார்த்தால் அந்த மேசை நன்றாகவே தெரிகிறது, கடைத் தூணும் ஒன்றையும் மறைக்கவில்லை. அவளைத் திரும்பிப் பார்த்தேன். அவள் ரோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கே என்னைப் பார்த்துவிட்டாயா என்று கேட்க வாய் வந்தது. மூடிக்கொண்டேன்.

பஸ் வந்தது. கதவு திறந்தது. ஓட்டுநர் நம்ம ஆள், மீசை வைத்தவர். அவளைப் பார்த்துப் பழக்கமாகத் தலையசைத்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"என்னாண்ணே, இப்ப ரெண்டு பேரா? ஏறலையா?"

பின்லாந்திலிருந்து ஆரம்பித்து, ஏரி, செங்கல், பல் டாக்டர், மாமியார் என்று அவருக்குச் சொல்ல வேண்டியதெல்லாம் தொண்டை வரை வந்து நின்றது. பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்தது.

இல்லை என்று தலையாட்டினேன். கதவு மூடிக்கொண்டது.